நெப்போலியன் கால மினியேச்சர் வரிசை ஒன்றைத் திட்டமிட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெப்போலியன் காலப் போர்களை மேசைமேல் ஆடுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடுகிறது: நாமே சில வீரர்களைச் செதுக்க வைத்து, வார்த்து, விற்றால் என்ன? நான் வர்ணம் பூசுகிறவனாகத்தான் இதற்குள் வந்தேன். பிறகு இரண்டு சிறு வரிசைகளுக்கு என்னென்ன உருவங்கள் வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து கடிதத்திலும் தொலைபேசியிலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, என் பதில்களை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன்.

வரிசைன்னா என்ன? நல்லா இருக்கிற பத்துப் பதினஞ்சு உருவம் செஞ்சா அது வரிசை ஆகாதா?

ஆகாது. அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கு ஓர் உருவம் போதும். வார்கேம் ஆடுகிறவருக்குப் பட்டாலியன் என்னும் முழுக் காலாட்படைப் பிரிவு வேண்டும், அதற்குத் தளபதி வேண்டும், பக்கத்தில் ஒரு பீரங்கி வேண்டும். உங்களிடம் வாங்கினால் ஒரு படைப்பிரிவை முழுதாக மேசையில் இறக்க முடியும் என்றால்தான் அது வரிசை. டிரம்மர் இல்லாத, அதிகாரி இல்லாத, அழகான கிரெனடியர்கள் (தேர்ந்தெடுத்த காலாட்படை வீரர்கள்) மட்டும் உள்ள தொகுப்பை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வருவதில்லை.

நெப்போலியன் காலம்னா எந்த வருஷத்துலேர்ந்து எந்த வருஷம்? சீருடை எல்லாம் ஒண்ணுதானே?

பொதுவாக 1803 முதல் 1815 வரை. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எந்தப் படையும் ஒரே சீருடையில் இருக்கவில்லை. 1805 டிசம்பர் 2 அன்று ஆஸ்டர்லிட்ஸில் நின்ற பிரெஞ்சுக்காரனையும் 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நின்றவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு நாட்டவர் என்றே தோன்றும். முன்னவன் தலையில் இரு முனைத் தொப்பி, மார்பிலிருந்து பின்னால் வெட்டிச் செல்லும் நீள வால் கோட்டு. பின்னவன் தலையில் ஷாகோ என்னும் உயரமான உருளைத் தொப்பி, இடுப்புவரை மூடிய குட்டை வால் சட்டை. அந்தக் குட்டைச் சட்டை 1812 ஜனவரியில் வந்த விதிமுறையால் ஏற்பட்ட மாற்றம்.

ஆகவே "பிரெஞ்சுக் காலாட்படை" என்று பட்டியலில் எழுதினால் போதாது, ஆண்டும் சேர்ந்து வரவேண்டும். பிரிட்டிஷ் படையில் பின்னந்தலைச் சடையை வெட்டச் சொல்லி ஆணை வந்தது 1808 ஜூலையில். போர்ச்சுகலில் விமைரோ போர் அடுத்த மாதமே நடந்தது. சடையோடு செதுக்கிவிட்டால் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நடந்த ஐபீரியப் போர் முழுவதற்கும் அந்த உருவம் பொருந்தாமல் போகும். முன்பக்கம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் பயனில்லை.

எந்த அளவுல செய்யறது? 28 மில்லிமீட்டரா, 15-ஆ?

28 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 1/56 அளவு. 170 செ.மீ. உயர மனிதன் அந்த அளவில் தலை உச்சிவரை 30 மி.மீ. வருவான், கண் மட்டம் 28. அதனால்தான் சிலர் பாதத்திலிருந்து கண்வரை அளக்கிறார்கள். உச்சிவரை அளக்கிறவர்களும் உண்டு. இரண்டு நிறுவனங்களின் "28" ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பட்டாலியன் அளவில் ஆடி, ஒவ்வொரு முகத்தையும் ரசித்து வர்ணம் பூசுகிறவர்கள் 28 கேட்பார்கள். ஒரு முழுப் போரையே மேசையில் காட்ட விரும்புகிறவர்கள் 15, 18 அல்லது 6 மி.மீ. பக்கம் போவார்கள். நீங்கள் எதை ஆடுகிறீர்களோ அதைச் செய்யுங்கள். ஆடாத அளவில் திட்டமிடுகிறவருக்கு எந்த உருவம் குறைகிறது என்பது கண்ணிலேயே படாது. இதற்குக் கீழே உள்ள பதில்கள் எல்லாம் 28 மி.மீ. உலோக உருவங்களை மனத்தில் வைத்து எழுதியவை.

முதல் வரிசை பிரெஞ்சுதானே? எல்லாரும் வாங்குவாங்களே?

வாங்குவார்கள், ஏற்கெனவே வாங்கியும் விட்டார்கள். நாட்டிங்ஹாமின் பெர்ரி சகோதரர்கள், விக்ட்ரிக்ஸ், வார்லார்ட் ஆகியோர் பிரெஞ்சு, பிரிட்டிஷ் காலாட்படையைப் பிளாஸ்டிக் பெட்டிகளாகவே தருகிறார்கள். நான்கு மனிதர் வேலை செய்யும் ஓர் உலோக வார்ப்பகம் அந்த விலைக்குப் போட்டி போட முடியாது.

நான் பரிந்துரைப்பது 1813-ஆம் ஆண்டின் பிரஷ்யா என்னும் ஜெர்மன் அரசின் படை. லைன் என்னும் வழக்கமான காலாட்படையும் லேண்ட்வேர் என்னும் குடிப்படையும் பிளாஸ்டிக்கில் கிடைக்கின்றன என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். அந்தப் பெட்டிகள் இருப்பது நமக்கு நல்லது. அவற்றை வாங்கியவர் மேசையில் அரைப் பிரஷ்யப் படை ஏற்கெனவே நிற்கிறது. மீதி அரைக்கு அவர் தேடிக்கொண்டிருக்கிறார். ரிசர்வ் ரெஜிமென்ட்கள், லேண்ட்வேர் குதிரைப்படை, மழையிலும் சேற்றிலும் நின்று போரிட்ட உருவங்கள் ஆகியவைதான் அந்த மீதி. வெற்றிடத்தைக் கண்டுபிடித்து அதை முழுதாக நிரப்புங்கள். அதற்காகச் சிற்பியிடம் வேலை கொடுக்கும் முன் அந்தப் பிளாஸ்டிக் உருவம் ஒன்றை ஒட்டி அவர் மேசைமேல் வைத்துவிடுங்கள். நம் ஆள் அதன் பக்கத்தில் தோளோடு தோள் நிற்கவேண்டும்.

லேண்ட்வேர், ரிசர்வ்னு சொல்றீங்களே, அவங்க யாரு? சாதாரணப் படையிலேர்ந்து எப்படி வேற மாதிரி இருப்பாங்க?

1806-இல் ஜேனாவில் தோற்ற பிரஷ்யாவின் படை 42,000 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று 1808-இல் நெப்போலியன் கட்டுப்படுத்தினார். 1813-இல் எதிர்த்து எழுந்தபோது ஆள் இருந்தார்கள், உடுப்பும் ஆயுதமும் இல்லை. 1813 மார்ச் 17 அன்று லேண்ட்வேரை அமைக்க அரச ஆணை வந்தது. முழங்கால்வரை தொங்கும் நீல லிட்டெவ்கா கோட்டு, முன்விளிம்பு வைத்த துணித்தொப்பி, தொப்பியில் வெள்ளைச் சிலுவை, லினன் கால்சட்டை. கழுத்துப்பட்டியின் நிறம் மாகாணத்தைச் சொல்லும்: சைலீசியாவுக்கு மஞ்சள், பொமரேனியாவுக்கு வெள்ளை. முதுகுப்பை பலருக்கு இல்லை, ரொட்டிப்பை மட்டும். தொடக்கத்தில் முன்வரிசைக்குத் துப்பாக்கிக்குப் பதில் ஈட்டி கொடுத்த பட்டாலியன்களும் உண்டு.

ரிசர்வ் ரெஜிமென்ட்கள் பன்னிரண்டு. பயிற்சி பெற்றவர்கள்தாம், ஆனால் கிடைத்த துணியில் தைத்து உடுத்தியவர்கள். சிலர் சாம்பல் சட்டையில் போரிட்டார்கள், சிலருக்குப் பிரிட்டன் கப்பலில் அனுப்பிய சீருடை கிடைத்தது. 1815 மார்ச்சில் இவையே 13 முதல் 24 வரை எண்ணிட்ட லைன் ரெஜிமென்ட்களாயின. ஒரே பட்டாலியனில் இரண்டு மூன்று விதமான உடை நிற்பது இங்கே பிழையில்லை; அதுதான் உண்மை. சிற்பிக்கு இதைவிட வளமான பொருளை நான் பார்த்ததில்லை.

எந்த நிலையில் நிக்கிற உருவம் அதிகம் விற்கும்? சுடுறவங்களா, பாயறவங்களா?

துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நடக்கிறவர்கள். கேட்பவர்கள் முகம் சுருங்கும், ஆனாலும் இதுதான் பதில். துப்பாக்கி முனைக் கத்தியான பயோனெட்டை முன்னால் நீட்டிய உருவத்தைப் பீடத்தில் இரண்டு வரிசையாக ஒட்டிப் பாருங்கள். பின்வரிசைக்காரன் முன்வரிசைக்காரன் முதுகில் குத்துவான். எதிர்ப்படையோடு முட்டும்போது இரண்டு பட்டாலியனும் ஒன்றையொன்று தொடவே முடியாது. உண்மையான சிப்பாய்க்கு வரிசையில் கிடைத்த இடம் அரை மீட்டருக்குச் சற்று அதிகம். 1/56 அளவில் அது 10 மி.மீ. சொச்சம். நம் உருவத்துக்கு 15 மி.மீ. கொடுக்கிறோம். முழங்கை வெளியே தள்ளினால் அந்த 15-உம் போதாது.

ஆனால் 1813 பிரஷ்யர்களுக்கு ஒரு விதிவிலக்கு வைக்கிறேன். ஆகஸ்ட் 26 அன்று காட்ஸ்பாக் நதிக்கரையில் பிரஷ்யத் தளபதி புளூகரின் படை மெக்டொனால்டின் பிரெஞ்சுப் படையோடு மோதியபோது கொட்டிய மழையில் மருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. மறுநாள் ஹாகெல்பெர்க்கிலும் மழை. அங்கே லேண்ட்வேர்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அடித்தார்கள். காட்ஸ்பாக் சேற்றில் காலணி உறிஞ்சப்பட்டு வெறுங்காலோடு நடந்தவர்கள் பலர். அதனால் துப்பாக்கிக் கட்டையை ஓங்கிய இரண்டு உருவங்கள், அதில் ஒருவன் வெறுங்காலோடு, இந்த வரிசையில் கட்டாயம் வேண்டும். கட்டை தலைக்கு மேலே ஓங்கி நிற்கட்டும். பக்கவாட்டில் சுழற்றினால் மேலே சொன்ன இடப்பிரச்சினை திரும்ப வரும்.

ஒரு பட்டாலியனுக்கு எத்தனை உருவம்? பாக்கெட்டை எப்படிப் பிரிக்கிறது?

கம்பெனிக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். பிரெஞ்சுப் பட்டாலியனில் 1808 பிப்ரவரி ஆணைக்குப் பிறகு ஆறு கம்பெனி, கம்பெனிக்கு 140 பேர். நால்வர் வீதம் 24 அல்லது அறுவர் வீதம் 36 உருவங்கள். பிரஷ்யப் பட்டாலியனில் நான்கு கம்பெனி, அறுவர் வீதம் 24. பிரிட்டிஷ் பட்டாலியனில் பத்துக் கம்பெனி; அங்கே ஆட்டவிதிதான் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்.

24 பேரில் மூவர் அல்லது நால்வர் தலைமைக் குழு, மிச்சம் சிப்பாய்கள். நாலு பேர் பாக்கெட், ஆறு பேர் பாக்கெட் என்று கலந்து விற்றால் வாங்குகிறவர் வீட்டில் எப்போதும் இரண்டு பேர் மிஞ்சிக் கிடப்பார்கள். ஒரே எண்ணில் நில்லுங்கள்.

தலையைத் தனியா வார்த்தா ஒரே உடம்பை எல்லாத்துக்கும் பயன்படுத்தலாமே?

பாதி சரி. பிரெஞ்சுப் படையின் சாதாரணக் காலாள் வீரனான ஃபியூசிலியர் உடம்பில் கிரெனடியர் தலையை வைத்தால் தொப்பி மாறும், தோளில் தொங்கவேண்டிய சிவப்புக் குஞ்சமும் இடுப்பில் இருக்கவேண்டிய குறுவாளும் வராது. கிரெனடியருக்கு மார்பில் குறுக்கே இரண்டு பட்டைகள், குறுவாள் இழந்துவிட்ட ஃபியூசிலியருக்கு ஒன்று. தெரிந்தவர் கண் முதலில் அந்தப் பட்டைக்குத்தான் போகும்.

பிரஷ்யாவில் இந்த உத்தி நன்றாக வேலை செய்யும். லைன் வீரன் மேலங்கியை உருளையாகச் சுருட்டித் தோளின் குறுக்கே போட்டுக்கொள்கிறான். அந்தத் தடித்த சுருள் மார்பை மறைத்துவிடும். ஷாகோவின் மேல் கறுப்பு எண்ணெய்த்துணி உறை, அதனால் தகடு தெரியாது. ஷாகோ உறைத் தலை ஆறு, துணித்தொப்பித் தலை ஆறு செதுக்கினால் ரிசர்வ், லைன், பீரங்கிப்படை என்று மூன்று இடத்தில் சுற்றலாம்.

கொடி பிடிக்கிறவர் எல்லாப் பட்டாலியனுக்கும் வேணுமா? கழுகு இல்லாத பிரெஞ்சுப் பட்டாலியனை யார் வாங்குவா?

கழுகு என்பது பிரெஞ்சுக் கொடிக்கம்பின் உச்சியில் இருந்த சின்னம். 1808 முதல் பிரெஞ்சு ரெஜிமென்ட்டுக்கு ஒரே கழுகு, அது முதல் பட்டாலியனிடம். மற்றவை சாதாரணச் சிறுகொடி பிடித்தன. ஆகவே பிரெஞ்சு செய்தால் கழுகோடு ஒருவரும் வெறும் கம்போடு ஒருவரும் தேவை. பிரிட்டிஷ் பட்டாலியனுக்கு அரசர் கொடி, ரெஜிமென்ட் கொடி என்று இரண்டு.

பிரஷ்யாவில் ஃபியூசிலியர் என்றால் இலகு காலாட்படை; அந்தப் பட்டாலியனுக்குக் கொடி கிடையாது. லேண்ட்வேருக்கும் அதிகாரபூர்வமாக வழங்கப்படவில்லை. கொடிக்காரருக்கு ஆகும் சிற்பக்கூலியை இங்கே மிச்சம் பிடித்து வேறு உருவத்தில் போடலாம்.

உலோகம், பிளாஸ்டிக், 3டி பிரிண்ட், எதுல போறது?

பிளாஸ்டிக்குக்கு எஃகு அச்சு வெட்டவேண்டும். ஆயிரக்கணக்கில் பெட்டி விற்பவருக்குத்தான் அந்த முதலீடு கட்டுப்படியாகும். ரெசின் பிரிண்ட் ஒன்றிரண்டு உருவம் என்றால் அருமை, ஆனால் மெல்லிய துப்பாக்கிக் குழாய் கைபட்டதும் ஒடியும். ஆட்டத்தில் நூறு தடவை தூக்கி வைக்கிற பட்டாலியனுக்கு அது ஏற்றதல்ல.

உலோக வார்ப்பில் மூலவுருவை வட்டமான ரப்பர் தட்டுகள் இரண்டுக்கு நடுவில் வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் பதப்படுத்துவார்கள். அச்சைச் சுழலவிட்டு நடுத்துளையில் உருகிய வெள்ளீயக் கலவையை ஊற்றினால் அது விளிம்பை நோக்கி ஓடி நிறையும். அச்சு தேயும். அதனால் முதல் வார்ப்பிலிருந்து சில நல்ல உருவங்களை எடுத்துப் பத்திரப்படுத்தி, அவற்றைக்கொண்டு உற்பத்தி அச்சுகளைச் செய்வார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் உருவம் சற்றே சுருங்கும். பிளாஸ்டிக் ஆளோடு தோள் ஒட்டவேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த ஒப்பீட்டை மூலவுருவோடு செய்யாமல் உற்பத்தி வார்ப்போடு செய்யுங்கள்.

கணினியில பார்க்க அற்புதமா இருந்துது. வார்த்து வந்தா பயோனெட்டே இல்ல. யார் தப்பு?

பெரும்பாலும் பட்டியல் போட்டவருடைய தப்பு. எனக்கும் நேர்ந்தது. நான் யோசனை சொன்ன முதல் வரிசையில் சிற்பி அளவுகளை அப்படியே 1/56-க்குச் சுருக்கியிருந்தார். ஒன்றரை மீட்டர் துப்பாக்கி 27 மி.மீ. ஆனது சரிதான், இரண்டு செ.மீ. அகலமுள்ள பயோனெட் 0.4 மி.மீ.-க்கும் குறைந்துபோனது. வார்ப்பகத்திலிருந்து வந்த முதல் பையைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினேன். பன்னிரண்டு பேரில் ஏழு பேருக்குக் குழாய் பாதியில் நின்றிருந்தது, இருவருக்கு நுனி கொக்கிபோல் மடங்கியிருந்தது. சிற்பியிடம் முன்கூட்டியே சொல்லாதது நான்தான்.

இப்போது 0.8 மி.மீ.-க்குக் கீழே எதையும் ஒப்புக்கொள்வதில்லை. துப்பாக்கி தொப்பியையோ தோளையோ ஒரு புள்ளியிலாவது தொட்டு நிற்கவேண்டும். கைக்கும் உடம்புக்கும் நடுவே சந்து இருந்தால் ரப்பர் அதில் மாட்டிக் கிழியும். ரொட்டிப்பையையோ தண்ணீர்க்குடுவையையோ அந்தச் சந்தில் தொங்கவிட்டு அடையுங்கள். நடக்கிற நிலை விற்கும் என்றேனே, அது வார்ப்புக்கும் உகந்தது.

பீரங்கியும் குதிரையும் எப்ப?

பீரங்கி காலாட்படையோடு கூடவே வரட்டும். பிரஷ்ய பேட்டரியில் (பீரங்கிப் பிரிவில்) ஆறு பீரங்கி, குண்டை உயர எறியும் ஹொவிட்சர் இரண்டு. மேசையில் ஒவ்வொன்றிலும் ஒன்று, தலா நான்கு வீரர் போதும். வண்டிச்சட்டத்தின் நிறத்தைப் பாக்கெட்டிலேயே அச்சிட்டுக் கொடுங்கள்: பிரெஞ்சு ஆலிவ் பச்சை, பிரிட்டிஷ் சாம்பல், ஆஸ்திரியா மஞ்சள் மண் நிறம், பிரஷ்யா நீலச்சாம்பல்.

குதிரைக்கு உலோகமும் அதிகம், சிற்பியின் நாளும் அதிகம். லேண்ட்வேர் குதிரைவீரனுக்கும் லிட்டெவ்காதான் என்பதால் இடுப்புக்கு மேலே காலாட்படை உடம்பைத் தழுவி, கையில் ஈட்டி கொடுக்கலாம். குதிரையைத் தனியாக வாருங்கள், மூன்று குதிரை போதும்.

ஆதாரம் எங்கே தேடறது? விதிமுறைப் புத்தகத்துல இருக்கிறபடி செஞ்சா போதாதா?

விதிமுறை என்பது அரசாங்கம் விரும்பியது. ஆஸ்திரியா 1806-இல் காலாட்படைக்கு ஷாகோ என்று முடிவு செய்தது. 1809-இல் பழைய ஹெல்மெட்டோடே போருக்குப் போன ரெஜிமென்ட்கள் இருந்தன. பிரிட்டனின் முன்பக்கம் உயர்ந்த புது ஷாகோ 1812-ஆம் ஆண்டினது. ஆனால் ஸ்பெயினில் இருந்தவர்கள் போர் முடியும்வரை பழைய நெடுந்தொப்பியிலேயே இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் படைகள் ஊர் வழியே போனபோது பார்த்தவர்கள் வரைந்த படங்களுக்கு முதல் இடம் கொடுங்கள். எஞ்சியிருக்கும் உடுப்புகளைப் பாரிஸின் ராணுவ அருங்காட்சியகத்திலும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்திலும் வியன்னாவின் படை வரலாற்று அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். முன்பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். ஆட்டக்காரர் தன் படையை முதுகுப்பக்கமாகத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறார். முதுகுப்பை, பையின் பட்டை, கோட்டு வாலின் மடிப்பு சரியாக இருக்கவேண்டும்.

1813-க்குச் செஞ்சவங்களை வாட்டர்லூவுக்குப் பயன்படுத்தலாமா? கேட்கறவங்க எல்லாம் வாட்டர்லூதானே கேட்கறாங்க?

பயன்படுத்தலாம், இந்தத் தேர்வின் பெரிய அனுகூலமே அதுதான். வாட்டர்லூ மாலையில் பிளான்செனுவா கிராமத்தைத் தாக்கிய பிரஷ்யத் தளபதி பியூலோவின் நான்காவது கோர் என்னும் பெரும்படைப் பிரிவில் ஒவ்வொரு பிரிகேடிலும் ஒரு லைன் ரெஜிமென்ட், இரண்டு லேண்ட்வேர் ரெஜிமென்ட். பட்டாலியன் கணக்கில் மூன்றும் ஆறும். ஒரு பிரிகேடைக் கட்ட நினைக்கிறவர் உங்களிடம் 24 பேர் கொண்ட ஆறு லேண்ட்வேர் பட்டாலியன் வாங்கவேண்டும், அதாவது 144 உருவங்கள். 1815-க்குள் உடையும் காலணியும் ஓரளவு சீராகிவிட்டன. வெறுங்கால் உருவத்தை மட்டும் 1813 பாக்கெட்டில் தனியாக வையுங்கள்.

நம்ம ஊர்ச் சிப்பாய்களை ஏன் யாரும் செய்ய மாட்டேங்கறாங்க? நெப்போலியன் காலத்துல சேராதா?

சேரும். சிலர் செய்திருக்கிறார்கள், இன்னும் நிறையச் செய்யலாம். 1803 செப்டம்பர் 23 அன்று அசாயேவில் பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி மராத்தாக்களை எதிர்த்தபோது பிரிட்டிஷ் படையின் 74, 78-ஆம் ரெஜிமென்ட்களோடு நின்றவர்கள் மதராஸ் ராணுவத்தின் காலாட்படையும் குதிரைப்படையும். எதிரே மராத்தாத் தலைவர் சிந்தியாவுக்காகப் போல்மன் என்ற ஹனோவர்க்காரர் நடத்திய, ஐரோப்பிய முறையில் பயின்ற பட்டாலியன்கள். 1810-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து மொரீஷியஸைப் பிடித்த படையிலும் மதராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள்.

ஆண்டும் தொப்பியும் என்று முதலில் சொன்னது இங்கே இன்னும் கூர்மையாகப் பொருந்தும். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த கிளர்ச்சிக்கு ஒரு முக்கியக் காரணம், ஐரோப்பியத் தொப்பிபோல் தோன்றிய, தோல் பதக்கம் வைத்த புதிய தலைப்பாகை. நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை வேறு. அசாயேவுக்குச் செய்கிற சிப்பாய்க்கு அந்தப் புதுத் தலைப்பாகையை வைத்துவிட்டால், எதை அணிய மறுத்து அவர்கள் உயிரைக் கொடுத்தார்களோ அதை மூன்று ஆண்டு முன்னதாகவே அவர்கள் தலையில் ஏற்றியதாகிவிடும். நம்மவர் யாராவது இந்த வரிசையை எடுத்தால் தயவுசெய்து அங்கே கவனமாக இருங்கள்.

பத்து உருவத்துக்குத்தான் கையில காசு இருக்கு. எந்தப் பத்து?

லேண்ட்வேர் காலாட்படை. தோளில் துப்பாக்கியோடு நடப்பவர்கள் ஐந்து பேர்: ஒருவனுக்கு முதுகுப்பை, மற்ற நால்வருக்கு ரொட்டிப்பை மட்டும், ஒருவன் தலையைத் திருப்பிப் பக்கத்து ஆளைப் பார்க்கிறான். வாளை உருவாமல் கையால் முன்னே காட்டும் அதிகாரி ஒருவர். வயதான சார்ஜென்ட் ஒருவர், அவர் முகத்தில் சிற்பி நேரம் செலவழிக்கட்டும். டிரம்மர் ஒருவர், முரசு தொடையோடு ஒட்டி நிற்கவேண்டும். கொடிக்காரர் வேண்டாம். மீதி இரண்டும் துப்பாக்கிக் கட்டையை ஓங்கியவர்கள். அதில் ஒருவன் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டி, வெறுங்காலைச் சேற்றில் ஊன்றி நிற்கிறவன். அவனுக்கு விரல்கள் செதுக்கவேண்டாம், கணுக்கால்வரை பீடத்திலேயே புதைத்துவிடச் சொல்லுங்கள். வார்ப்பும் சுத்தமாக வரும், காட்ஸ்பாக் சேறும் வந்துவிடும்.